விடிந்த பிறகு புறப்பாடு

அத்தியாயம் 11

டெப்போ ஏன் இந்த வருடம் மட்டும் சட்டென்று "சரி, போலாம்" என்றார்? சென்ற வாரம் படித்தவர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்கிற மனிதராக இருந்தால், அவரை வைத்துக்கொண்டு நான் பத்து வாரம் ஓட்டியிருக்க முடியுமா?

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. டெப்போ, ஓய்வு பெற்ற நெடுந்தூர பஸ் டிரைவர். வீட்டைவிடப் பணிமனையில் அதிக நாள் தூங்கியவர் என்பதால் அந்தப் பெயர். அவர் மனைவி கடைத்தெருவில், முதல் மாடியில், போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறாள். அதனால் அவர் அவளை "ஸ்டூடியோ" என்றுதான் கூப்பிடுவார். இருபத்தேழு வருடமாக நீலத் திரைக்கும் வெள்ளைத் திரைக்கும் முன்னால் மனித முகங்களை உட்காரவைத்து எடுத்துக்கொண்டிருக்கும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. முகமே இல்லாத ஒன்றை எடுக்க வேண்டும். குறிப்பாக, மேற்கே மூன்று நாள் தூரத்தில் இருக்கும் ஒற்றைக்கல்லை, விடிகிற நேரத்தில் எடுக்க வேண்டும்.

இந்த ஆசையை மூட்டிவிட்டதே டெப்போதான். பதினோரு வருடம் அந்த மேற்கு ரூட்டில் இரவு பஸ் ஓட்டினார். கல்யாணமான புதிதில், ரூட் முடித்து வந்த ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வார்.

"சமவெளி முடிஞ்சு பாறை ஆரம்பிக்கும். முப்பத்தெட்டு வளைவு ஏறினா, தனியா ஒரு கல்லு நிக்கும், பத்து மாடி உயரத்துக்கு. சரியா அஞ்சே முக்காலுக்கு வெயில் அதோட உச்சியில மட்டும் விழும். கீழ எல்லாம் இருட்டு. அது மட்டும் செக்கச்செவேல்னு நிக்கும். என்னை அறியாம பிரேக்கை மிதிச்சுடுவேன். பின்னாடி நாப்பது பேரு திட்டுவாங்க."

மூன்று முறை கிளம்பப் பார்த்தார்கள். முதல் முறை மகளின் பரீட்சை. இரண்டாம் முறை மாமியாரின் இடுப்பு எலும்பு. மூன்றாம் முறை பெருமழையில் ஸ்டூடியோ கூரை ஒழுகி, கேமரா பெட்டியே நனைந்தது. அதன் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். சென்ற வாரம் டெப்போ தானாகவே மேற்கு வரைபடத்தை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். இன்னும் இருபத்தொரு நாளில் பயணம். அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

இன்று காலை, அந்த மேசை மேல் டெப்போவின் கால அட்டவணை இருந்தது.

ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, ஐந்து கட்டம் போட்டிருந்தார். நாள், புறப்பாடு, சேரும் இடமும் நேரமும், தூரம், ஓட்டுநர். மொத்தம் ஒன்பது நாள். ஓட்டுநர் கட்டத்தில் ஒன்பது முறையும் "நான்" என்று எழுதியிருந்தார். போகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி பதினாறு வருடத்துக்கு முன் கேட் தூணை இடித்ததோடு ஸ்டியரிங்கைத் தொடாதவள். அவர் எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டம் என்று ஒன்று போட்டால் அது காலியாக இருக்கக் கூடாது. அது டெப்போவின் தொழில் தர்மம்.

அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.

முதல் வாடிக்கையாளருக்கு வயது நான்கு மாதம். பாஸ்போர்ட் போட்டோ. கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், யாருடைய கையும் தெரியக் கூடாது. நான்கு மாதக் குழந்தை இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதற்குள் அதற்குப் பாஸ்போர்ட் காலாவதியாகிவிடும்.

"உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க, குழந்தையை மடியில படுக்கவச்சு வெள்ளைத் துணியை விரிச்சுக்கலாம்" என்று குழந்தையின் தாயிடம் சொன்னாள்.

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. ட்யூப்லைட் வெளிச்சம் முகத்தில் பச்சையாக விழும் என்பதால், படம் எடுக்கும்போது அதை அணைத்துவிடுவாள். பட்டனை அழுத்தும்போது மட்டும் மின்னுகிற குடை விளக்கின் அடியில் ஒரு சின்ன பல்பு மட்டும் எரியும். அந்த மங்கலில் எல்லோரும் ஸ்டூலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்தத் தாயும் குழந்தையோடு, ஒரு பெரிய பையோடு, சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு படம் எடுத்ததில் ஒன்று தேறியது. தாய் போன பிறகு அவள் கால் நீட்டி உட்கார்ந்தாள். குதிகால் வலித்தது. இப்போதெல்லாம் காலை பத்து மணிக்கே சாயங்காலம் போல இருக்கிறது.

பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பிரித்தாள்.

முதல் நாள், புறப்பாடு 7.45. சரி. இரண்டாம் நாள், புறப்பாடு 7.45, சேருவது 4.50. மூன்றாம் நாளும் அப்படியே, அடிவார விடுதிக்குச் சேருவது 4.30. நான்காம் நாள், புறப்பாடு 8.00. ஒற்றைக்கல் 9.15. பக்கத்தில் சின்ன எழுத்தில், "படம் எடுக்க 30 நிமிடம்."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். செம்மண் பள்ளத்தாக்கு உச்சி வெயிலில். காற்று குடைந்த வளைவுப் பாறை மதியம் இரண்டரைக்கு. ஒன்பது நாளிலும் ஒரு விடியல் இல்லை, ஒரு அந்தி இல்லை. சூரியன் நன்றாக ஏறிய பிறகு கிளம்பி, அது இறங்குவதற்கு முன்னாலேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பயணம். படம் எடுக்கிறவர்களுக்கு எந்த நேரம் வேண்டுமோ, அதை மட்டும் பார்த்துப் பார்த்து விலக்கியிருந்தார்.

போனை எடுத்தாள்.

"என்னங்க, இது என்ன டைம்டேபிள்?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? டீ குடிக்கிற இடம்கூட போட்டிருக்கேனே."

"ஒற்றைக்கல்லுக்கு ஒம்பதே காலா?"

"சாப்பிட்டுட்டு நிதானமா போலாம்."

"ஒம்பதே காலுக்கு அந்தக் கல்லை எடுத்தா அதுவும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரிதாங்க இருக்கும். காது ரெண்டும் தெரியும், வேற ஒண்ணும் இருக்காது. அஞ்சே முக்கால்னு நீங்கதானே சொன்னீங்க? முப்பது வருஷமா அதைத்தானே சொன்னீங்க?"



"அது அப்போ. இப்போ ரோடெல்லாம் மாறியிருக்கும். இருட்டுல மலை ஏறுறது சரியில்ல."

"பதினோரு வருஷம் இருட்டுல ஏறினவர் சொல்ற பேச்சா இது?"

"டிரைவர் நான். எப்ப எடுக்கணும், எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். நீ கல்லைப் பாத்துக்க, நான் ரோட்டைப் பாத்துக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. இவருக்கு வரவே இஷ்டமில்லை, சும்மா பேச்சுக்குச் சரி சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு மத்தியானம் வரை அவளோடு இருந்தது.

மத்தியானம் மகள் வந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து நூறு பேரையாவது குத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு மாடி ஏறி வருவாள். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவும் மகளும் பிரிண்டர் மேசையில் பேப்பர் விரித்துச் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். இன்று மகள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இந்தப் பயணத்தை அடுத்த வருஷம் வச்சுக்கக் கூடாதா?"

குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாவுக்குள் பார்த்தாள்.

"என்னடி சொல்ற?"

"இல்ல, வெயில் ஜாஸ்தியா இருக்கு. வண்டி வேற ஒர்க்ஷாப்ல நிக்குது. கிளட்ச் என்னமோ ஆகிடுச்சாம். எப்ப வரும்னு தெரியல."

"இருபத்தோரு நாள் இருக்கே."

"அம்மா, அப்பாவால முடியாதும்மா."

"என்ன முடியாது?"

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். பிறகு குனிந்துகொண்டாள். "அலைச்சல். வயசாகுதில்ல."

"அவருக்கு அறுபத்தொண்ணு. தெருக்கோடி வரைக்கும் நடந்து போய்ப் பேப்பர் வாங்கிட்டு வர்றாரு. எனக்கு முடியுதான்னு யாராவது கேட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "உன் பரீட்சைக்கு நின்னேன். பாட்டி இடுப்புக்கு நின்னேன். கூரைக்கு நின்னேன். இப்ப கிளட்சுக்கு நிக்கணுமா?"

"அம்மா..."

"சாப்பிடு. ஆறிப்போகுது."

மகள் நாலு வாய் சாப்பிட்டாள். கைகழுவிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தபோது, பையிலிருந்து கார் சாவியும் சேர்ந்து கீழே விழுந்தது. அவசரமாகக் குனிந்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டால் சாவியையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அம்மா அதைப் பார்த்தாள். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டிவரும். வாசலில் ஒரு பெண் வேலைக்கான போட்டோ எடுக்கக் காத்துக்கொண்டிருந்தாள். "வாம்மா, உள்ள வா" என்று எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டெப்போ வந்தார்.

வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, கக்கத்தில் ஒரு பழைய ஃபைல். காலையில் போனில் நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இந்த வித்தை முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் வருவது. அவளுக்கும் தெரியும்.

"ஸ்டூடியோ, ஒரு போட்டோ எடுக்கணும். லைசென்ஸ் அடுத்த மாசம் முடியுது. பயணத்துக்கு முன்னாடி புதுப்பிச்சுடலாம்னு."

"வாங்க" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது.

அவர் மாடியேறி இங்கே வந்து இரண்டு வருடம் இருக்கும். கேட்டால் முழங்கால் என்பார். உள்ளறைக்குள் அவரை முன்னால் விட்டு, அவள் பழக்கத்தில் ட்யூப்லைட்டை அணைத்தாள். குடை விளக்கின் சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. கேமராவில் கண்ணை வைத்து, "உக்காருங்க" என்றாள்.

கண்ணாடிச் சதுரத்துக்குள் வெறும் நீலத் திரைதான் தெரிந்தது. ஆள் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். டெப்போ கதவுப் பக்கமே நின்றிருந்தார். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கை காற்றில் மெல்ல இடமும் வலமும் போய், எதையோ தேடியது. ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. கால் ஸ்டூலில் பட்டு, ஸ்டூல் சாய்ந்தது. தடுமாறியவர் குடை விளக்கின் கம்பியைப் பிடிக்கப் போய், அதையும் தவறவிட்டார்.

நான்கு மாதக் குழந்தையோடு ஒரு பெண் காலையில் சாதாரணமாக நடந்துபோய் உட்கார்ந்த அதே அறை.

அவள் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் வந்ததும் டெப்போ ஒன்றும் நடக்காதவர் போலக் குனிந்து, ஸ்டூலை நிமிர்த்தி, கைக்குட்டையால் துடைத்தார். துடைக்க அதில் தூசியே இல்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனை நாளா? கால் தடுக்கிடுச்சு."

"என்கிட்ட மழுப்பாதீங்க. எத்தனை நாளா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டரை வருஷம்" என்றார். "முதல்ல எதிர்ல வர்ற லைட்டுதான் காரணம்னு நினைச்சேன். அப்புறம் லைட்டே வராத ரோட்டுலயும் ஓரம் தெரியல. நைட் டூட்டி வேணாம், இடுப்பு வலின்னு எழுதிக் குடுத்தேன். பஸ்ஸுல நாப்பது பேரு தூங்கிக்கிட்டு வர்றான். அவன் உசிரை வச்சு நான் விளையாட முடியாதில்ல."

"டாக்டர்?"

"போனேன். கண்ணுக்குப் பின்னாடி திரை தேஞ்சுக்கிட்டே வருதாம். பகல்ல நல்லா தெரியுது. மங்கினா போச்சு. போகப்போக இன்னும் சுருங்குமாம்." ஃபைலைத் திறந்து ஒரு படிவத்தை நீட்டினார். கண் டாக்டரின் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி இருந்தது. பகல் நேரத்தில் மட்டும் வாகனம் ஓட்டலாம்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். பிறகு பிரிண்டர் மேசையிலிருந்து அட்டவணையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 7.45. 4.50. 8.00. 4.30. டாக்டர் ஒரு வரியில் எழுதியதைத்தான் அவர் ஒன்பது வரியில் ஸ்கேல் வைத்து எழுதியிருந்தார்.

கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே வெட்கம் வந்தது. வெளிச்சம்தான் அவள் பிழைப்பு. முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால், தூங்கவில்லையா, அழுதாரா, எந்தக் கண் கொஞ்சம் சின்னது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். வீட்டில் ஒரு மனுஷன் இரண்டரை வருடமாகச் சாயங்கால நடையை நிறுத்தியிருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு கடைக்குப் போகச் சொன்னால் எரிந்து விழுகிறார். ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது வழியெல்லாம் அவள் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன இது புதுசா கொஞ்சல் என்று அவள் கேலி செய்தாள். அப்போது அவரும் சேர்ந்து சிரித்தார்.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவதான் கூட்டிட்டுப் போனா."

"ஓ! ஆஸ்பத்திரிக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியும், பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக் கூடாது."

"உனக்குத் தெரிஞ்சா என்ன பண்ணியிருப்ப? போக வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்தான்."

"அதுக்குத்தான் சொல்லல." டெப்போ தலை நிமிரவில்லை. "நானா ஆரம்பிச்சு வச்ச ஆசை. வர்றப்பல்லாம் சொல்லிச் சொல்லி உன்னை ஏங்கவச்சுட்டேன். கூட்டிட்டுப் போற காலத்துல கூட்டிட்டுப் போகல. இன்னும் ரெண்டு வருஷம் போனா பகல்லயும் என்னை நம்பி வண்டியைத் தர மாட்டாங்க. அதான் இந்த வருஷம். விடியக்காலையில காட்ட முடியாது. பகல்லயாவது காட்டிடலாம்னு பாத்தேன்."

கேட்டவர்களே, பதில் கிடைத்துவிட்டது.

அவள் குழந்தைகளை உட்காரவைக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அது கிறீச்சென்றது.  கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள்.

போக வேண்டாம் என்று இப்போதும் சொல்லலாம். அதுதான் சுலபம். உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பே அவளுக்குச் சுகமாக இருந்தது. பை கட்ட வேண்டாம், வரைபடம் பார்க்க வேண்டாம். ஸ்டூடியோவை ஒன்பது நாள் மூடிவிட்டு வீட்டில் கவிழ்ந்து படுத்துத் தூங்கலாம். அவள் உடம்பு அதைத்தான் கேட்டது. இருபத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். படிய வாரிக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இந்த வருடமும் போகாவிட்டால், அந்தக் கல் இனி இவர்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றாகிவிடும். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நான் ஓட்டறேன்" என்றாள்.

"எதை?"

"ரோடு ரோலரை. எதையாம்! வண்டியைத்தான்."

டெப்போ அவளை உற்றுப் பார்த்தார். நல்ல வெளிச்சத்தில் அவருக்கு எல்லாம் தெரியும். "நீ கடைசியா வண்டியைத் தொட்டது..."

"கேட் தூண். தெரியும். பக்கத்துல உக்காந்து நீங்க போட்ட சத்தத்துல பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டரை மிதிச்சேன். அதுவும் ஞாபகம் இருக்கு."

"ஸ்டூடியோ, அது மலை. முப்பத்தெட்டு வளைவு. இருட்டு."

"ஒரு மணி நேரம்தானே? நாலாம் நாள் மட்டும். நாலேகாலுக்கு எடுத்தா அஞ்சரைக்கு மேல போயிடலாம். விடிஞ்சதும் நீங்க வாங்கிக்குங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "வளைவெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்தானே? பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வாங்க. சொல்லணும், கத்தக் கூடாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அடிவாரப் பாலம் தாண்டினதும் இடது" என்றார் டெப்போ. கை தானாகவே மடியில் திரும்பியது. "ரெண்டாவது கியர். அப்புறம் வலது, அது சின்னது. மூணாவது வளைவுல தண்ணித் தொட்டி இருக்கும், அங்க உள்ளுக்கு ஒட்டிப் போகணும். நாலும் அஞ்சும் அடுத்தடுத்து வரும். ஆறாவது முடிஞ்சா மூச்சு விட்டுக்கலாம், நேரா ஒரு கிலோமீட்டர். ஏழு..."

அவள் குறுக்கே பேசவில்லை. பதினேழாவது வளைவில் ஒருமுறை டயர் வெடித்ததையும், இருபத்திரண்டில் ஒரு பள்ளம் எப்போதும் உண்டு என்பதையும், முப்பதுக்கு மேல் குளிர் ஏறும் என்பதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தெட்டாவது வளைவு வந்ததும் கை நின்றது.

"இங்க பிரேக்" என்றார். "இங்கதான் நிக்கும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"உன் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார், கண்ணைத் திறந்து. தொழில் புத்தி திரும்பிவிட்டது.

"முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. யார் ஓட்டப் போறான்னு விட்டுட்டேன்."

"வருஷம் தாண்டினா மறுபடி ஓட்டிக் காட்டணும். இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காருவாரு."

"காட்டறேன்."

"இருபத்தோரு நாள்தான் இருக்கு."

"அதான் காலையில இருந்து எண்ணிக்கிட்டிருக்கேன். எழுந்திருங்க."

அவரை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டு, அவள் போய் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், இந்த ஸ்டூலில் தான் உட்கார்ந்ததே இல்லை என்பது உறைத்தது. இங்கிருந்து பார்த்தால் கேமரா இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது? வருகிற எல்லோரும் ஏன் விறைத்துக்கொள்கிறார்கள் என்று இப்போது புரிந்தது.

"விளக்கை அணைக்க வேணாம். பச்சையா விழுந்தா விழட்டும். அந்த வட்ட பட்டனை அழுத்துங்க."

டெப்போ கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். "சிரிக்கலாமா?"

"லைசென்சுக்குச் சிரிக்கக் கூடாது. காது தெரியணும்."

"தெரியுது. மூக்கு சிவந்திருக்கு."

"அது பரவாயில்ல. எடுங்க."

அழுத்தினார். கேமராத் திரைக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "கண்ணை மூடிட்ட."

"இன்னொண்ணு எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ஃபைலிலிருந்து பேனாவை எடுத்து, அட்டவணையை மேசை மேல் வைத்து, நான்காம் நாளில் 8.00 என்று இருந்ததை ஒரே கோடாக அடித்தார். மேலே 4.15 என்று எழுதினார். ஓட்டுநர் கட்டத்தில் "நான்" என்பதை அடித்துவிட்டு, தெளிவான எழுத்தில் "ஸ்டூடியோ" என்று எழுதினார். அடித்தல் திருத்தல் உள்ள அட்டவணையை அவர் தன் வாழ்நாளில் பணிமனைக்குக் கொடுத்ததில்லை.

அவர் மறுபடி கேமராவுக்குப் பின்னால் போய் நின்றபோது, முன்னறைக் கதவு திறந்த சத்தம் கேட்டது. வேலை முடித்துவிட்டு மகள் வந்திருந்தாள். நேராக உள்ளறை வாசல் வரை வந்தவள், ஸ்டூலில் அம்மாவையும் கேமராவுக்குப் பின்னால் அப்பாவையும் பார்த்து அப்படியே நின்றாள்.

"லைசென்ஸ் போட்டோ அப்பாவுக்குத்தானே?" என்றாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. போட்டோவுக்கு உட்கார்ந்தால் தலை அசையக் கூடாது.

"எனக்கு. அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒர்க்ஷாப்ல இருக்கற வண்டியோட சாவி உன் பையில இருக்குல்ல, அதை மேசை மேல வை. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நானும் அப்பாவும் வண்டியை எடுக்கணும்."

மகள் மேசையைப் பார்த்தாள். அட்டவணையில் நான்காம் நாள் வரியை ஒரு விரலால் தொட்டுப் படித்தாள். அப்பாவின் கையெழுத்துதான். மறுபடி படித்தாள்.

பைக்குள் கையை விட்டாள். சாவி குலுங்கியது கேட்டது. ஆனால் கை வெளியே வரவில்லை.

"அம்மா, டாக்டர் சொன்னதுல ஒண்ணை நான் அப்பாகிட்டயும் சொல்லல" என்றாள்.

டெப்போவின் விரல் அப்போதுதான் பட்டனை அழுத்தியது. அந்தப் படத்தில் அம்மாவின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன.